நாற்றுச் சட்டம்

பொன்மாரிக்கு ஆறு வயது முடியும்வரை அவளைப் பெற்ற இசக்கியம்மாள் அவளிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.

இசக்கி ஊமை இல்லை. வடிவுடையார் பண்ணையின் பெரிய வீட்டில் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை பேசுவதுதான் அவளுக்கு வேலை. முதலாளி வீட்டுப் பிள்ளைகளுக்குச் சோறூட்டும்போது கதை, குளிப்பாட்டும்போது பாட்டு, அதற்குப் பிறகு எழுத்து, வாய்ப்பாடு, வானத்து நட்சத்திரங்களின் பெயர்கள். தொண்டை கட்டிப்போகும் அளவுக்குப் பேசிவிட்டு, பண்ணையாட்கள் குடியிருந்த லயத்துக்குத் திரும்பியதும் வாயைப் பூட்டிக்கொள்வாள். பிள்ளை பெறும்போதுகூடத் துணியைக் கடித்துக்கொண்டுதான் பெற்றாள். ஒன்றரை வயதில் பொன்மாரி கொதிக்கிற பாசிக் கொப்பரையை நோக்கித் தத்தித் தத்திப் போனாள். ‘ஏய்’ என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் குழந்தை நின்றிருக்கும். இசக்கி சத்தம் போடவில்லை. பாய்ந்துபோய்க் குறுக்கே விழுந்தாள். இடது முழங்கை வெந்துபோனது. அப்போதும் பல்லைக் கடித்துக்கொண்டாளே தவிர, ‘அம்மா’ என்று அலறவில்லை.

எல்லாம் நாற்றுச் சட்டத்தால் வந்தது.

மறுகரை என்ற அந்தக் கோளில் மனிதர்கள் வந்து இறங்கிய புதிதில் யாருக்கும் எதையும் உட்கார்ந்து கற்றுக்கொள்ள நேரமில்லை. காற்றே பாசியை நம்பியிருந்தது. பாசி வளர்க்கத் தெரிந்தவன் செத்துப்போனால் அடுத்தவனுக்குப் பத்து வருடம் பாடம் நடத்திக்கொண்டிருக்க முடியாது. அதனால் வித்தையை நேராக மூளையில் நட்டார்கள். ஏழு வயதில் நட்டால் மூன்று நாளில் வேர் பிடிக்கும். அதற்கு நாற்று என்று பேர் வைத்தார்கள். முதல் தலைமுறையில் ஆசைப்பட்டவர்கள்தான் நட்டுக்கொண்டார்கள். தென்கரையின் பண்ணைக்காரர்கள் பிறகு ஒரு வாதத்தைக் கண்டுபிடித்தார்கள். நாற்று எங்களுடையது, நாற்று எங்களுடையது என்றால் விளைச்சலும் எங்களுடையது, விளைச்சலைச் சுமக்கிற ஆள் வயலைவிட்டுப் போகக் கூடாது. குடியேற்றங்களெல்லாம் சேர்ந்த ஒன்றியத்தின் நீதிமன்றம் அதை ஒப்புக்கொண்டது. ஓடிப்போன நாற்றாளை, அதாவது நாற்று நடப்பட்ட ஆளை, எந்த ஊரில் பிடித்தாலும் திருப்பி அனுப்ப வேண்டும் என்று சட்டமும் வந்தது.

அந்தச் சட்டத்தில்தான் பிள்ளைகளைப் பற்றிய விதி இருந்தது. நாற்றாள் வாயிலிருந்து பேச்சுக் கற்ற குழந்தையின் மூளையிலும் நாற்றின் சாயல் படியும். மருத்துவர்கள் அதைத் தடம் என்றார்கள். ஏழு வயது நிறைந்ததும் தலையில் தடமானியை மாட்டிப் பார்ப்பார்கள். தடம் இருந்தால் பிள்ளையும் பண்ணையுடைய விளைச்சல். இல்லாவிட்டால் அது சுதந்திரப் பிள்ளை.

ஆகவே சில தாய்மார் பேசாமல் இருந்தார்கள். வடிவுடையார் பண்ணையில் அப்படிப் பதினொரு பேர். கண்காணிகள் அவர்களை ‘ஊமைச்சிகள்’ என்று கேலி செய்வார்கள். இசக்கியின் புருஷன் சுயம்பு நாற்று நடப்படாத படகுக்காரன். அவன்தான் மகளுக்குப் பேச்சுக் கற்றுக்கொடுத்தான், கடற்கரைப் பேச்சு, காரமும் உப்புமாக. போன வருடம் காய்ச்சலில் அவன் போனபிறகு பொன்மாரி பெரிய வீட்டின் கொல்லையில் உட்கார்ந்து தாய்க்காகக் காத்திருப்பாள். சன்னலுக்கு உள்ளே தாய் பேசுவது அவளுக்குக் கேட்கும்.

இன்னும் பத்து மாதம். பத்து மாதம் பல்லைக் கடித்துவிட்டால் சோதனை முடிந்துவிடும் என்று இசக்கி நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பத்து மாதத்துக்குள்தான் நாடு பிளந்தது.

மறுகரையில் பன்னிரண்டு குடியேற்றங்கள் சேர்ந்து ஒன்றியமாக இருந்தன. வடக்கே இருந்த ஆறும் நாற்று நடுவதை எப்போதோ தடைசெய்துவிட்டன. தெற்கே ஐந்தும் அதை நம்பியே பிழைத்தன. நடுவே எல்லையிலிருந்த ஒன்று நாற்றாட்களை வைத்துக்கொண்டே எந்தப் பக்கமும் சாயாமல் இருந்தது. மேற்குத் தீவுகள் புதிதாகக் குடியேற்றத்துக்குத் திறந்தபோது அங்கே நாற்றுச் சட்டம் செல்லுமா செல்லாதா என்று எட்டு வருடம் சண்டை போட்டார்கள். தேர்தல் வந்தது. ‘தீவுகளில் நாற்று கிடையாது, பிள்ளை விதியையும் எடுப்போம்’ என்று சொன்ன கட்சி ஜெயித்தது. நாற்பதாவது நாள் தென்கரை ஐந்தும் ஒன்றியத்தை விட்டு விலகிவிட்டதாக அறிவித்துத் தனிக்கொடி ஏற்றின.

கொடி ஏற்றிய அன்று பண்ணை மைதானத்தில் எல்லோரையும் நிறுத்திப் புதுச் சட்டத்தை வாசித்தார்கள். தடம் பார்க்கிற வேலை இனி இல்லை. நாற்றாள் வயிற்றில் பிறந்த எல்லாப் பிள்ளையும் பண்ணைக்கே. ஆறு வயது முடிந்தவர்களுக்கு அடுத்த வாரமே நடவு.

இசக்கிக்குப் பக்கத்தில் நின்ற இன்னொரு ஊமைச்சி, செண்பகவடிவு என்று பேர், நாலு வயது மகனை இடுப்பில் வைத்திருந்தவள், அந்த இடத்திலேயே வாய்விட்டுப் பேச ஆரம்பித்தாள். “ராசா, என் ராசா” என்று மகனிடம் நாலு வருடத்துப் பேச்சையும் அவள் கொட்டினாள். பையன் மிரண்டுபோய் அழுதான். கண்காணிகள் சிரித்தார்கள்.

இசக்கி பேசவில்லை. எட்டு மைல் தள்ளி முனைக்கோட்டை இருந்தது. மற்றக் கோட்டைகளையெல்லாம் தென்கரைப் படை அதற்குள் பிடித்துவிட்டது; தென்கரை மண்ணில் ஒன்றியப் படையின் கையில் மிஞ்சியிருந்த ஒரே இடம் அதுதான். அங்கே இன்னும் பழைய சட்டம்தான் செல்லும். பழைய சட்டப்படி மகள் சுதந்திரப் பிள்ளை. அதற்கு அவள் தலை சுத்தமாக இருக்க வேண்டும்.

கொடிக்குப் பிறகு விருந்து நடந்தது. காவலர்கள் பந்தியில் இருந்த நேரம் பார்த்து, பட்டப்பகலில் இசக்கி மகளை முதுகில் கட்டிக்கொண்டு, வற்றிக் கிடந்த பாசிப் பாத்திகளுக்குள் இறங்கினாள். இடுப்பளவு சேறு. பொன்மாரி, “எங்கம்மா போறோம்? எங்க போறோம்?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள். இசக்கி பதிலுக்கு அவள் கையை எடுத்துத் தன் கழுத்தில் இன்னும் இறுக்கி வைத்துக்கொண்டாள்.

*

முனைக்கோட்டையின் தலைவர் மேஜர் தணிகாசலம் வடக்கத்திக்காரர். ஐம்பது வயது. ஒன்றியத்தின் மேல் பக்தி உள்ளவர். சட்டப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொள்பவர். சேறு காய்ந்த சேலையோடு வந்து நின்றவளை உட்காரச் சொல்லி, குழந்தைக்கு ரொட்டி கொடுக்கச் சொன்னார். கோட்டை மருத்துவர் லூர்துமேரி குழந்தையின் தலையில் தடமானியை மாட்டிப் பார்த்தாள். நாற்றின் தடம் உள்ள மூளையில் சொற்களைக் கேட்கும்போது ஒரே சீராக அலை எழும். கருவியில் சிவப்பு விளக்கு எரியும். லூர்துமேரி நூறு சொற்களை வாசித்தாள். விளக்கு எரியவேயில்லை.

“இவ்வளவு சுத்தமா நான் பார்த்ததில்ல சார்” என்றாள் லூர்துமேரி. “நாற்றாள் பெத்த பிள்ளையில இப்படி இருக்கணும்னா…” தடமானியைக் குழந்தையின் தலையிலிருந்து கழற்றினாள்.

தணிகாசலம் இசக்கியின் முகத்தைப் பார்க்காமல் பேசினார். “பாரும்மா. குழந்தை சுதந்திரப் பிள்ளை. அது இங்கயே இருக்கலாம், வடக்கே அனுப்பி நல்லபடியா வளர்க்க ஏற்பாடு பண்றேன். ஆனா உன்னை வெச்சிக்க முடியாது. பண்ணையிலிருந்து சேதி வந்திருக்குது, நாளைக்குப் பத்து மணிக்கு அவங்க ஆள் வருது. உன்னை ஒப்படைச்சாகணும்.”

“ஐயா, ஒன்று கேட்கலாமா?” என்றாள் இசக்கி. ஏழு வயதில் அவளுக்கு நட்டது ஆயா வேலைக்கான பேச்சு நாற்று; அது கொடுத்த தமிழ் இது. வழுவழுவென்று, செதுக்கினாற்போல் இருக்கும். “எதற்காக நீங்கள் போர் செய்கிறீர்கள்?”

“ஒன்றியம் உடையக் கூடாதுன்னு.”

“எங்களுக்காக இல்லை.”

“இல்லம்மா. பொய் சொல்ல மாட்டேன். ஒன்றியத் தலைவர் அறிக்கையே விட்டிருக்கார். நாற்றுச் சட்டத்துல கை வைக்க மாட்டோம், திரும்பி வந்தாப் போதும்னு.”

“‘உங்கள் சட்டம் எங்களுக்கு வேண்டாம்’ என்று அவர்கள் கொடி ஏற்றிவிட்டார்கள். இந்தக் கோட்டைக்கு எதிரே பீரங்கியும் வைத்துவிட்டார்கள். அவர்கள் தூக்கி எறிந்த சட்டத்தைப் பொறுக்கி எடுத்து, துடைத்து, அவர்களுக்காகவே நீங்கள் நடத்துகிறீர்களே, இது என்ன நியாயம்?”

மேஜர் சட்டப் புத்தகத்தை எடுத்தார், புரட்டினார், வைத்தார். “நான் வெறும் சிப்பாய்ம்மா” என்றார் கடைசியில். “அதையெல்லாம் முடிவு பண்ண வேண்டியது பாராளுமன்றம்.”

“நாளைக்குப் பத்து மணிக்குப் பாராளுமன்றம் இங்கே வராது. நீங்கள்தான் இருப்பீர்கள்.”

*

மறுநாள் சொன்ன நேரத்துக்கு வெள்ளைக்கொடியோடு மூன்று பேர் வந்தார்கள். முன்னால் வந்தவன் தென்கரைப் படையின் புதுச் சீருடையில் இருந்தான். இருபத்திரண்டு வயது, கேப்டன் சிவசைலம், வடிவுடையார் பண்ணையின் மூத்த வாரிசு. இசக்கிக்குப் பன்னிரண்டு வயதானபோது முதன்முதலில் அவள் மடியில் போடப்பட்ட குழந்தை அவன்தான்.

அவளைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது. நடிப்பு இல்லை. “ஆயா! நலமாக இருக்கிறாயா? சேற்றில் இறங்கினாயாமே, ஏதாவது ஆகியிருந்தால்? வா, போகலாம். உன்னை யாரும் ஒன்றும் செய்யக் கூடாது என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.”

பிறகு நிமிர்ந்து மேஜரிடம் காகிதத்தை நீட்டினான். “ஒரு நாற்றாள், ஒரு பிள்ளை. இரண்டையும் ஒப்படைக்க வேண்டுகிறேன்.”

“பிள்ளை கிடையாது” என்றார் தணிகாசலம். “தடமில்லாத பிள்ளை. உங்க புதுச் சட்டத்தை ஒன்றியம் ஒத்துக்கல.”

“நல்லது. பிள்ளையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆயாவை அனுப்புங்கள். அதற்குப் பழைய சட்டமே போதும்.”

மேஜர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ அவரை உறுத்தியது. “தென்கரைக்காரங்க பேச்சு நான் கேட்டிருக்கேன்” என்றார் மெதுவாக. “உங்கப்பாவோட ஒருதரம் பேசியிருக்கேன், அவர் ‘வாரேன், போறேன்’னுதான் பேசுவார். நீ இவங்க மாதிரியே பேசறியே தம்பி.”

சிவசைலம் சிரித்தான். “ஆயாதானே எனக்குப் பேசக் கற்றுக்கொடுத்தாள்.”

சொல்லிவிட்டுத்தான் அவனுக்கு உறைத்தது. அதற்குள் இசக்கி எழுந்து நின்றுவிட்டாள்.

“ஐயா, அந்தக் கருவியை அவன் தலையில் வையுங்கள்.”

“என்ன உளறுகிறாய் ஆயா?”

“உளறவில்லை. ஒன்பது வயதுவரை இவனுக்கு என் வாய்தான் வாய். இவன் சொன்ன முதல் சொல் நான் சொல்லிக்கொடுத்தது. கனவில் பிதற்றினால்கூட என் சொல்லில்தான் பிதற்றுவான். என் மகளுக்குப் போக வேண்டிய அத்தனையும் இவனுக்குப் போனது. சட்டம் என்ன சொல்கிறது? நாற்றாள் வாயிலிருந்து பேச்சுக் கற்ற பிள்ளை விளைச்சல். என்னை அனுப்புவதென்றால், விளைச்சலையும் எண்ணிச் சேர்த்து அனுப்புங்கள்.”

“நான் தூதனாக வந்திருக்கிறேன்” என்றான் சிவசைலம். குரல் ஒரு படி ஏறிவிட்டது. “என் மேல் கை வைக்க உங்களுக்கு உரிமை இல்லை.”

“உங்க மேல யாரும் கை வைக்கல” என்றார் தணிகாசலம். அவர் முகத்தில் சிரிப்பில்லை, கோபமும் இல்லை. நீண்டநாளுக்கு முன் தொலைத்த ஒன்றைக் கண்டெடுத்தவர் போல் இருந்தார். “நீங்களே மாட்டிக்கலாம். சிவப்பு எரியலைன்னா இந்தம்மாவை இந்த நிமிஷமே கூட்டிட்டுப் போங்க. பயமா?”

கூட வந்த இரண்டு சிப்பாய்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபத்திரண்டு வயதுக்காரனால் ‘பயம்’ என்ற சொல்லைத் தாண்டிப் போக முடியவில்லை. தடமானியைப் பிடுங்கித் தானே மாட்டிக்கொண்டான்.

லூர்துமேரி பட்டியலை எடுத்தாள். “நிலா” என்றாள். சிவப்பு விளக்கு எரிந்தது. “தண்ணீர்.” எரிந்தது. “வீடு. கை. அப்பா.” ஒவ்வொன்றுக்கும் எரிந்தது. “அம்மா” என்றதும் எரிந்த விளக்கு அணையவே இல்லை. அவள் பட்டியலைக் கீழே வைத்துவிட்டாள்.

சிவசைலத்தின் பின்னால் நின்ற சிப்பாய்களில் ஒருவன் தன்னையறியாமல் ஓரடி விலகினான். அவனும் ஏதோ ஒரு பண்ணை வீட்டுப் பிள்ளைதான்.

“முதலாளி வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த விதி பொருந்தாது” என்றான் சிவசைலம்.

தணிகாசலம் புத்தகத்தை அவன் பக்கம் நகர்த்தினார். “எந்தப் பக்கத்துல இருக்குது, காட்டு தம்பி. முப்பது வருஷமா படிக்கிறேன். ‘எந்தப் பிள்ளையும்’னுதான் போட்டிருக்குது. எழுதினவங்க எல்லாரும் ஆயா வளர்த்த பிள்ளைங்க. தங்களைப் பத்தித்தான் எழுதறோம்னு ஒருத்தருக்கும் தோணல போல.” அவர் எழுந்தார். “இந்தச் சட்டப்படி நான் நடக்கணும்னா, உன்னையும் இப்போ பிடிச்சு வெச்சு, உன் உடைமைக்காரன் யாருன்னு விசாரிக்கணும். நடக்க வேணாம்னா, இந்தம்மாவையும் அனுப்ப முடியாது. ஒண்ணு சொல்லு.”

வெளியே கொடிக்கயிறு கம்பத்தில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. சிவசைலம் தடமானியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டான். கதவுவரை போய்த் திரும்பினான்.

“ஆயா, எனக்குச் சொன்னதெல்லாம்… அந்தக் கதைகள், பாட்டு… உனக்கு இட்ட வேலைக்காகச் சொன்னதா?”

இசக்கி அவனை நேராகப் பார்த்தாள். “நீ குழந்தையாக இருந்தாய். குழந்தையிடம் பொய்யாக நடக்க எனக்குத் தெரியாது. இப்போது நீ குழந்தை இல்லை. இனி உனக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.”

அவன் போய்விட்டான்.

*

அன்று சாயங்காலமே மேஜர் தணிகாசலம் கோட்டைக் கதவைத் திறந்துவைக்கச் சொன்னார். மேலிடத்திலிருந்து கண்டனக் கடிதம் வந்தது. அதற்கு அவர், ‘இனி ஒருவரையும் திருப்பி அனுப்புவதாக இல்லை; என்னை நீக்குவதானால் நீக்கலாம்’ என்று ஒரே வரியில் பதில் எழுதினார். செய்தி பாசிப் பாத்திகள் வழியாகப் பரவியது. மூன்று வாரத்தில் தொள்ளாயிரம் பேர் சேற்றில் நடந்து வந்தார்கள். முன்னால் வந்தவர்களில் செண்பகவடிவும் இருந்தாள், மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு பேசியபடியே. வந்தவர்கள் அகழி வெட்டினார்கள், சமைத்தார்கள், பிறகு துப்பாக்கி கேட்டார்கள். ஒன்றியம் எதற்காகச் சண்டை போடுகிறது என்று தலைநகரத்தில் விவாதித்துக்கொண்டிருந்தபோதே, அந்தக் கோட்டையில் பதில் முடிவாகிவிட்டது.

தென்கரையில் வேறொன்று நடந்தது. கோட்டையில் நடந்ததை அந்த இரண்டு சிப்பாய்களும் மூடி மறைக்கவில்லை. ஒரு மாதத்துக்குள் தென்கரையின் ஒவ்வொரு அதிகாரியும் பக்கத்து நாற்காலிக்காரன் தலையைச் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தான். படைத்தலைமை அவசரமாகக் கூடி, நாட்டிலிருந்த தடமானிகளை எல்லாம் பறிமுதல் செய்து உடைத்தது. யார் தலையிலும் அதை வைக்கக் கூடாது என்று உத்தரவும் போட்டது. யாருக்கு நாற்று இருக்கிறது, யாருக்கு இல்லை என்று காட்டுவதற்கு அவர்களிடம் அதன்பிறகு ஒன்றுமில்லை. ஓடிப்போய்ப் பிடிபட்டவர்கள், ‘நான் நாற்றாள் இல்லை, நிரூபி’ என்று மார்பைத் தட்டினார்கள்.

என்றாலும் போர் சுலபமாக முடிந்துவிடவில்லை. ஐந்து வருடம் நீண்டது. உப்பாற்றுப் பாலத்தில் மட்டும் இரண்டு பக்கமும் பதினோராயிரம் பேர் செத்தார்கள். தணிகாசலம் அங்கேதான் ஒரு காலை இழந்தார். சிவசைலம் அங்கேதான் இறந்தான், எதிர்ப்பக்கத்தில், தென்கரையின் சீருடையில். செய்தி வந்த அன்று இசக்கி யாரிடமும் பேசவில்லை. எதற்காக என்று யாரும் கேட்கவுமில்லை.

ஆனால் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது, கோட்டைக் கதவு திறந்த அந்த முதல் சாயங்காலம்தான்.

இசக்கி மகளின் எதிரே முழங்காலிட்டாள். ஆறு வருடமாகச் சேர்த்துவைத்ததை எங்கிருந்து தொடங்குவதென்று தெரியவில்லை. “பொன்மாரி” என்றாள். “என் கண்ணே, இங்கே வா.”

குழந்தை இரண்டடி பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. காதைப் பொத்திக்கொண்டது.

“நீ பேசாத!” என்றாள் பொன்மாரி. “அது சன்னலுக்குள்ள இருக்கவங்களுக்கு உள்ள சத்தம். எனக்கு வேண்டாம்.”

பண்ணையில் நடந்த எதுவும் இசக்கியை இப்படி அடித்ததில்லை. அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துக் குழந்தை பக்கத்தில் வந்தது. தாயின் வாயிலிருந்து தலைப்பை மெல்ல இழுத்து எடுத்தது.

“அழாத. எங்க அப்பா மாதிரி பேசு.”

இசக்கி தலையை ஆட்டினாள், தெரியாது என்று.

“நான் சொல்லித்தாரேன். திருப்பிச் சொல்லு, என்ன?” பொன்மாரி தாயின் கன்னங்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “ஏட்டி.”

“ஏட்டி.”

“ஏட்டி, இங்க வாட்டி.”

“ஏட்டி… இங்க வாட்டி” என்றாள் இசக்கி. நாக்கு புரளவில்லை, நாற்று நட்ட நாளிலிருந்து அது புரண்டிராத பக்கம் அது. குழந்தை கெக்கலித்துச் சிரித்துவிட்டு அவள் மடியில் வந்து ஏறிக்கொண்டது.

*

ஐந்தாவது வருடம், நாற்றுச் சட்டத்தை ஒழிக்கிற மசோதா ஒன்றியப் பாராளுமன்றத்துக்கு வந்தபோது, சாட்சி சொல்ல இசக்கியம்மாளை அழைத்தார்கள். பார்வையாளர் வரிசையில் பதினோரு வயதுப் பொன்மாரியும், ஊன்றுகோலோடு தணிகாசலமும் உட்கார்ந்திருந்தார்கள். இசக்கி இரண்டு மணி நேரம் பேசினாள். ஒரு குறிப்பும் கையில் இல்லை.

பிரிந்து போகாமல் ஒன்றியத்தோடு இருந்துகொண்டே நாற்றாட்களையும் வைத்திருந்த எல்லைக் குடியேற்றத்தின் உறுப்பினர் ஒருவர் எழுந்தார். மெருகான மனிதர்.

“அம்மையார் பிரமாதமாகப் பேசினார்கள். ஒரு சந்தேகம்தான். இந்தச் சபையையே கட்டிப்போடுகிற இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது? பண்ணை நட்ட நாற்றிலிருந்துதானே? அந்த நாற்று இல்லையென்றால் இன்று அவர் இங்கே நின்று பேசியிருக்க முடியுமா?”

சபை முழுக்க அவள் பக்கம் திரும்பியது. இசக்கி அவசரப்படவில்லை. ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

“நீங்க நான் பேசுனத சரியா கேக்கல போலுக்கய்யா” என்றாள். “பண்ணை நட்ட பேச்ச நான் கோட்டை வாசலோட விட்டுட்டேன். இப்பம் பேசுதேன் பாருங்க, இது எம் மவ எனக்குச் சொல்லித்தந்தது.”